1001 குழந்தைகள், 81 லட்சம் ஆபரேஷன்கள்: எமர்ஜென்சியை ஒரு பின்நவீனத்துவ நாவல் எப்படிப் பதிவு செய்தது?

1947 ஆகஸ்ட் 15. நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே இந்தியாவில் 1001 குழந்தைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாயசக்தி. பத்து வருடத்துக்குள் அதில் 420 குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவாலும் நோயாலும் விபத்தாலும் செத்துப்போகின்றன. மிச்சம் 581.

சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலில் வரும் கணக்கு இது. 1981ல் வெளியாகி, அதே வருடம் புக்கர் பரிசு வாங்கிய நாவல். தமிழிலும் 'நள்ளிரவின் குழந்தைகள்' என்ற பெயரில் கிடைக்கிறது.

கணக்கு கச்சிதமாக இருக்கிறது அல்லவா? அதுதான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். 420 என்ற எண்ணைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மோசடி வழக்குதான். (இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு வந்துவிட்டது. ஆனாலும் ஊரில் யாரும் 'அவன் ஒரு 318' என்று திட்ட ஆரம்பித்ததாகத் தெரியவில்லை.) கதை சொல்பவனே இதை ஒளிக்காமல் சுட்டிக்காட்டிவிடுகிறான். எண்ணைக் கொடுக்கும்போதே 'இதை நம்பாதே' என்று கண்ணடிக்கிற எழுத்து.

எண்களைச் சரிபார்த்து, அட்டவணை போட்டுப் பிழைப்பு நடத்தும் எனக்கு இந்த மாதிரி நாவல்கள் மீது ரொம்ப நாளாக ஒரு எரிச்சல் உண்டு. பொய் சொல்வேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் கதை, தன் காலத்தின் சமூகப் பிரச்னையைப் பற்றி என்ன உண்மையைச் சொல்லிவிட முடியும்? ஷா கமிஷன் அறிக்கையையும் இந்த நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு அந்த எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. முழுக்க இல்லை.

பின்நவீனத்துவம்னா என்ன? சுருக்கமாக

இதற்கு ஒரே வரையறை கிடையாது. செய்திக் கட்டுரைக்குத் தேவையான அளவில் சொல்வதென்றால், எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கி விளக்கிவிடும் 'பெரிய கதைகள்' மீதான அவநம்பிக்கை. தேசம், முன்னேற்றம், புரட்சி, அறிவியல் என்று எதுவாகவும் இருக்கலாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோத்தார் 1979ல் எழுதிய நூலில் இதைத்தான் பின்நவீன நிலையின் அடையாளமாகச் சொன்னார்.

இலக்கியத்தில் இது சில பழக்கங்களாக வெளிப்படுகிறது. நம்பத்தகாத கதைசொல்லி, கதைக்கு நடுவே நின்று 'நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்வது, அரசு ஆவணம், விளம்பரம், சினிமா, வதந்தி எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறுவது. வரலாற்றை எடுத்துக்கொண்டு, அந்த வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் நாவல்களை கனடிய விமர்சகர் லிண்டா ஹட்சியன் தனி வகையாகவே பிரித்தார். 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' அந்த வகைக்கு அவர் காட்டும் முக்கிய உதாரணங்களில் ஒன்று.

முதலில் நிஜக் கணக்கு

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச் 21 வரை, 21 மாதங்கள் அது நீடித்தது.

பிறகு வந்த ஜனதா அரசு, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் 1977 மே மாதம் விசாரணை ஆணையம் அமைத்தது. 1978ல் மூன்று பகுதிகளாக வந்த அதன் அறிக்கையில் இருப்பவை இவை: மிசா சட்டத்தில் கைதானவர்கள் 34,988 பேர். பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானவர்கள் 75,818 பேர். இரண்டையும் கூட்டினால் 1,10,806.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கணக்கு இன்னும் மோசம். 1974-75ல் நாடு முழுக்க நடந்தவை சுமார் 13.5 லட்சம். 1975-76ல் 26 லட்சத்தைத் தாண்டியது. 1976-77ல் 81 லட்சத்துக்கும் மேல். அந்த வருடத்துக்கு மத்திய அரசு வைத்திருந்த இலக்கே சுமார் 43 லட்சம்தான். இலக்கைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக 'சாதித்துக்' காட்டின மாநிலங்கள். அரசாங்கத் திட்டங்களின் புள்ளிவிவரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், இலக்கை இப்படித் தாண்டுவது நல்ல சகுனம் கிடையாது. ஆசிரியர்கள் சம்பளம் வாங்கவும், சாதாரண மக்கள் சில சலுகைகள் பெறவும் ஆபரேஷன் சான்றிதழோ, ஆள் பிடித்துக் கொடுத்ததற்கான அத்தாட்சியோ கேட்கப்பட்டது. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது.

ஆபரேஷன் தொடர்பான சாவுகள் என்று ஆணையத்துக்கு வந்த தகவல்: 1,774. கல்யாணமே ஆகாதவர்களுக்குச் செய்ததாக வந்த புகார்கள்: 548.

அந்த 21 மாதத்தில் இந்த எண்களில் எதையும் பத்திரிகைகள் அச்சிட முடியாது. தணிக்கை இருந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையின்போது சட்டவிரோதக் காவலை எதிர்த்து நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, அப்போது ஒரு சாதாரண ஆளின் கையில் இருந்தது இரண்டே இரண்டு: வானொலி சொல்லும் கதை, தெருவில் கிசுகிசுக்கப்படும் கதை.

நாவல் அதை என்ன செய்தது?

கதைசொல்லி சலீம் சினாய், சுதந்திரம் பிறந்த அதே நொடியில் பிறந்தவன். தன் உடம்புக்கும் தேசத்துக்கும் தொடர்பு இருப்பதாக நம்புகிறவன். 31 வயதை நெருங்கும்போது பம்பாயில் ஒரு ஊறுகாய்த் தொழிற்சாலையில் உட்கார்ந்து, பத்மா என்ற பெண்ணிடம் கதையைச் சொல்கிறான். பத்மா சும்மா கேட்பவள் அல்ல. 'சீக்கிரம் சொல்லு', 'இதெல்லாம் நடந்திருக்காது' என்று இடைமறித்துக்கொண்டே இருக்கிறாள். சொல்லப்போனால் நாவலின் முதல் தரவுச் சரிபார்ப்பாளர் அவள்தான்.

சலீமின் மகன் ஆதம், நெருக்கடி நிலை அறிவிக்கப்படும் அந்த இரவில் பிறக்கிறான். பெரிய பெரிய காதுகள். எல்லாவற்றையும் கேட்கிறான், வாயைத் திறப்பதில்லை. கூடவே காசநோய். நெருக்கடி நிலை இருக்கும் வரை நோயும் இருக்கிறது, அது முடிந்ததும் குணமாகிறது. தணிக்கைக் காலத்துப் பத்திரிகையாளர் யாருக்காவது இந்தக் குழந்தையை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்குமா என்ன?

டெல்லி ஜும்மா மசூதி பக்கத்தில் வித்தைக்காரர்கள் வாழும் சேரி புல்டோசர்களால் இடிக்கப்படுகிறது. வாசெக்டமி முகாம் வேன்களும் கூடவே வருகின்றன. 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததன் சாயல் இது. பிடிபட்ட சலீமிடமிருந்து மற்ற நள்ளிரவுக் குழந்தைகளின் பெயர்கள் வாங்கப்படுகின்றன. பெயர்களைச் சொல்லிவிடுகிறான். தேடித் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள் காசியில் ஒரு விதவைகள் இல்லத்தில் அடைக்கப்படுகிறார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன். அதோடு மாயசக்தியும் போய்விடுகிறது. இதற்கெல்லாம் உத்தரவு போடும் பாத்திரத்துக்குப் பெயர் 'விதவை'. தலையில் ஒரு பக்கம் வெள்ளை முடி, மறுபக்கம் கறுப்பு. யாரைச் சொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த முடியை வைத்துத்தான் நாவல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. நெருக்கடி நிலைக்கும் ஒரு வெள்ளைப் பகுதி, ஒரு கறுப்புப் பகுதி இருந்தது. வெள்ளைப் பகுதி ஆவணமாகக் கிடைக்கும். ரயில் நேரத்துக்கு ஓடியது, உற்பத்தி கூடியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதலாம். கறுப்புப் பகுதிக்கு ஆவணமே இருக்காது, அதை எழுதுவது தன் வேலை என்கிறான் சலீம்.

ஷா கமிஷன் அறிக்கை 81 லட்சம் என்று சொல்லும்போது அது எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. அதில் பாதிக்கப்பட்ட ஒருவன், பயத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குமைவதை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் போடுவது? ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னவர்கள் பாதிக்கப்பட்டவர்களாக வந்தார்கள். சலீம் பாதிக்கப்பட்டவன், காட்டிக்கொடுத்தவன் இரண்டும்தான்.

தேதியைத் தப்பாகப் போடுவது ஏன்?

சலீம் காந்தி கொல்லப்பட்ட தேதியைத் தப்பாகச் சொல்கிறான். பிறகு தப்பு என்று தெரிந்தும், 'என் இந்தியாவில் காந்தி தப்பான நேரத்தில்தான் சாவார்' என்ற பாணியில் அடம்பிடிக்கிறான். 1971ல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவை சாம் மானெக்ஷா ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறான். உண்மையில் ஏற்றவர் ஜெக்ஜித் சிங் அரோரா. வாசகர்கள் இதையெல்லாம் பட்டியல் போட்டுக் கடிதம் எழுத, ருஷ்டி பிறகு இந்தப் பிழைகளைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். சில பிழைகள் வேண்டுமென்றே செய்தவை, சில தன்னை அறியாமல் நுழைந்தவை என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. ஆனால் நாவலுக்குள் இதற்கு ஒரு வேலை இருக்கிறது. 'நான் சொல்வது மட்டும்தான் உண்மை' என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிய கதை இது. அதற்குப் பதில் சொல்ல வரும் கதைசொல்லியும் 'இல்லை, நான் சொல்வது மட்டும்தான் உண்மை' என்று ஆரம்பித்தால், ஆள்தான் மாறியிருக்கும். சலீம் தன் பிழைகளை நம் கண் முன்னால் வைக்கிறான். அரசின் கதையில் அப்படி ஒரு திருத்தக் குறிப்பு கிடையாது.

இந்திரா காந்தி இந்த நாவல் மீது லண்டனில் அவதூறு வழக்கு போட்டார். எதற்காக? எமர்ஜென்சி பகுதிக்காக அல்ல. அவருடைய குடும்ப வாழ்க்கை பற்றிய ஒரே ஒரு வாக்கியத்துக்காக. 1984ல் சமரசமாகி அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. 25ஆம் ஆண்டு பதிப்பின் முன்னுரையில் ருஷ்டியே இதை எழுதியிருக்கிறார். நாவல் அவர் ஆட்சியைப் பற்றிச் சொன்ன மற்ற எதையும் வழக்கு தொடவில்லை என்பதை அவர் அங்கே குறிப்பிடுகிறார்.

இந்த உத்தி சறுக்கும் இடம்

எல்லா நேரமும் இது வேலை செய்கிறதா? இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1969ல், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 1945 பிப்ரவரியில் குண்டு வீசி எரிக்கப்பட்டபோது வானெகட் அங்கே போர்க்கைதி. நாவலின் நாயகன் காலத்தில் முன்னும் பின்னும் தாவுகிறான், வேற்றுக்கிரகவாசிகளிடம் மாட்டுகிறான். கோர்வையாகச் சொல்ல முடியாத ஒன்றைக் கோர்வையில்லாமலே சொன்ன புத்தகம். போருக்கு எதிரான தலைமுறை ஒன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தது.

ஆனால் அதில் டிரெஸ்டனில் செத்தவர்கள் 1,35,000 என்று வருகிறது. அந்த எண் டேவிட் இர்விங் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. யூதப் படுகொலையை மறுப்பவர் என்று 2000ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் தீர்ப்பில் சொன்ன அதே இர்விங். டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு பல வருட ஆய்வுக்குப் பின் 2010ல் தந்த முடிவு: அதிகபட்சம் 25,000. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நாவல் எல்லாவற்றையும் கிண்டல் செய்தது, இந்த எண்ணை மட்டும் கிண்டல் செய்யாமல் விட்டது. லட்சக்கணக்கான வாசகர்கள் வழியாக அது பரவியது. வேற்றுக்கிரகவாசியை யாரும் நம்பப்போவதில்லை, 1,35,000ஐ நம்புவார்கள். என் எரிச்சல் முழுக்கத் தணியவில்லை என்று சொன்னது இதற்காகத்தான்.

போபால்: கதை முந்திக்கொண்டபோது

டான் டெலிலோவின் 'ஒயிட் நாய்ஸ்' 1985 ஜனவரியில் வெளியானது. ஒரு சிறு நகரத்தின் மேல் நச்சு மேகம் பரவுகிறது. என்ன ரசாயனம், என்ன பாதிப்பு என்று அதிகாரிகள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நாயகனிடம் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் தரவு சரியில்லை என்கிறான் ஒருவன். எப்போது சாவான் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. நிஜமான விபத்தையே ஒத்திகைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அதிகாரிகளும் வருகிறார்கள். நுகர்வுக் கலாசாரத்தையும் தொலைக்காட்சியையும் கிண்டல் செய்ய எழுதிய நாவல். புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1984 டிசம்பர் 2-3 இரவில், போபாலில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்தது.

அங்கே சாவு எண்ணிக்கையே ஒரு பின்நவீன நாவல் மாதிரிதான். முதல் அதிகாரபூர்வ எண் 2,259. பிறகு மத்தியப் பிரதேச அரசு சொன்னது 3,787. இழப்பீட்டுக் கணக்கில் 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது இதைப் போலப் பல மடங்கு. இந்த்ரா சின்ஹா 2007ல் எழுதிய 'அனிமல்ஸ் பீப்பிள்' நாவல் போபாலை 'காவ்ஃபூர்' என்று பெயர் மாற்றி, வாயுவால் முதுகெலும்பு வளைந்து நாலு காலில் நடக்கும் ஒரு பையன் ஒலிநாடாவில் பேசுவதாக எழுதப்பட்டது. தன் கதையைக் கேட்டு எடுத்துப்போக வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளரை அவன் படுத்தும் பாடு, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

தமிழில்?

தமிழில் பின்நவீனத்துவப் பேச்சு 1990களில் 'நிறப்பிரிகை' போன்ற சிறுபத்திரிகைகள் வழியாகச் சூடுபிடித்தது. அதே பத்திரிகைகளில், அதே வருடங்களில் தலித் இலக்கியம் பற்றிய விவாதமும் நடந்தது. அதனால் இங்கே 'பெரிய கதைகள் மீது சந்தேகம்' என்பது வெறும் பிரெஞ்சு இறக்குமதியாக நிற்கவில்லை. யாருடைய வரலாறு, யார் எழுதியது என்ற கேள்வியோடு சேர்ந்துகொண்டது. எமர்ஜென்சியைப் பொறுத்தவரை, அதற்கு முன்பே அசோகமித்திரனின் 'இன்று' அந்தக் காலத்தைத் தொடர்ச்சியான கதையாக இல்லாமல் துண்டு துண்டாக எழுதிப் பார்த்தது. பக்கத்தில் மலையாளத்தில் ஓ.வி. விஜயனின் 'தர்மபுராணம்' 1975 ஜூலையில் தொடராக வர விளம்பரம் செய்யப்பட்டு, நெருக்கடி நிலை வந்ததால் நின்றுபோனது. 1977ல்தான் தொடராக வெளியானது. அதிகாரத்தின் மலத்தைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாக எழுதிய கதையைத் தணிக்கை அதிகாரி படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்ஸி காடஸ்' (2014) இந்த வரிசையில் வைக்க வேண்டிய இன்னொன்று. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதியானவர்கள் நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற ரீதியில் போன அந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. நாவலின் எழுத்தாளர் பாத்திரம், 'இந்தக் கதையை எப்படி ஆரம்பிப்பது' என்று வாசகரிடம் சண்டை போட்டுக்கொண்டே ஆரம்பிக்கிறது. மனு, துண்டுப்பிரசுரம் என்று ஆவண வடிவங்களைப் போட்டுப் பார்க்கிறது. தீ வைக்கும் இரவு வந்ததும் விளையாட்டு நின்றுவிடுகிறது. அந்த அத்தியாயம் முற்றுப்புள்ளி வைக்க இடமில்லாத ஒரே நீண்ட வாக்கியம்.

'இதெல்லாம் ஏழைக்குப் புரியுமா?'

நியாயமான கேள்வி. மார்க்சிய விமர்சகர்கள் நீண்ட காலமாகக் கேட்பது. பின்நவீனத்துவம் நுகர்வு முதலாளித்துவத்தின் கலாசாரம், மேற்பரப்பில் மினுங்கும், ஆழமிருக்காது என்று பிரெட்ரிக் ஜேம்சன் 1984லேயே எழுதினார். ருஷ்டியின் எழுத்தில் அதிகாரம் எல்லாவற்றையும் விழுங்குகிறது, எதிர்த்து நிற்கும் சாதாரண மனிதர்களுக்கு இடமே இல்லை என்பது அய்ஜாஸ் அகமதின் 1992 விமர்சனத்தின் சாரம்.

ரோஹின்டன் மிஸ்த்ரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்' (1995) நாவலையும் படித்தால் இந்த விமர்சனம் உறைக்கும். அதே எமர்ஜென்சி, அதே கட்டாய ஆபரேஷன். மாயசக்தி கிடையாது. சாதியிலிருந்து தப்பித்து நகரத்துக்கு வந்து தையல் வேலை செய்யும் இரண்டு பேர். அவர்களை எங்கே பிடித்தார்கள், எந்தக் கூடாரத்தில், எவ்வளவு சுத்தமில்லாத கத்தியால் என்பதை நேராகச் சொல்லும் பழைய பாணி யதார்த்தம். வயிற்றைப் பிசைவது எது என்று கேட்டால், எனக்கு மிஸ்த்ரிதான். எமர்ஜென்சியில் உண்மை என்ற பொருளுக்கே என்ன நேர்ந்தது என்று கேட்டால் ருஷ்டி.

அறிக்கை என்ன ஆனது?

1980ல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் கண்ணில் படுவதே அரிதாகிப்போனது. நாவல் அதற்கு அடுத்த வருடம் வந்து, இன்றுவரை அச்சில் இருக்கிறது.

ஆபரேஷன்களின் தடம் வேறு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. 1976-77ல் நடந்தவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தவை. மறு வருடமே அது 2 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டின் பாரம் பெண்கள் தலையில் ஏறியது, இறங்கவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்கள் கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். ருஷ்டியும் மிஸ்த்ரியும் எழுதாத பகுதி இது.

அறிக்கைக்கு வருவோம். முன்னாள் திமுக எம்.பி. இரா. செழியன் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்த பிரதியைக் கொண்டு 2010ல் அதைச் சென்னையிலிருந்து மறுபடியும் புத்தகமாகக் கொண்டுவந்தார். இந்தக் கட்டுரைக்காக நான் எடுத்த எண்களில் 34,988, 75,818, 1,774, 548 எல்லாம் அந்த அறிக்கையில் இருப்பவை.